ஊதுவத்தி

செவ்வாய்க்கிழமை என் மேஜையில் முப்பத்தொரு பெயர்கள்.
கால் ரத்தக்குழாய் அடைத்துத் திறந்தவர்கள்,
திறந்தது மறுபடி அடைத்தவர்கள்,
ஒரு விரலையோ ஒரு பாதத்தையோ
எங்கள் ஆஸ்பத்திரியில் விட்டுப்போனவர்கள்.
கோப்பில் எல்லோருக்கும் கடைசி வரி ஒன்றே:
சிகிச்சை வெற்றி. வீட்டுக்கு அனுப்பப்பட்டார்.
அதற்குக் கீழே வெள்ளைத்தாள்.
அந்த வெள்ளையில்தான் என் உத்தியோகம்.

மாத்திரை தீர்ந்துவிட்டதா?
கண்ணாடி வைத்து உள்ளங்காலைப் பார்த்தீர்களா?
கொப்புளம், கறுப்பு, ஜில்லிப்பு?
பாதி கன்னடம், பாதி தமிழ்,
உருதுவில் எனக்குத் தெரிந்தது
வலிக்கான சொல் மட்டும்.

முனிரத்தினம், அறுபத்திரண்டு, சிவாஜி நகர்,
ஆட்டோவுக்கு சீட் தைப்பவர். இடது கால்.
"பீடியா? அத விட்டு ஆறு மாசம் ஆச்சும்மா."
சொல்லி முடிக்கவில்லை,
போனில் ஒரு தீக்குச்சி உரசுகிறது.
நான் கேட்டுவிட்டது அவருக்கும் தெரிகிறது.
குச்சி எரிந்து அணையும்வரை
இரண்டு பேரும் பேசவில்லை.
"ஊதுவத்திக்கு" என்றார்.
கட்டத்தில் எழுதிக்கொண்டேன்:
ஊதுவத்தி, தினம் எட்டு.

வலிக்கும்வரை நட,
வலித்தால் நில்,
வலி போனதும் மறுபடி நட.
இதுவும் மருந்துதான். தண்ணீர் ஊற்றி விழுங்க முடியாது, அவ்வளவே.
நூற்றிருபது அடியில் அவர் கெண்டைக்கால்
நனைந்த கயிறாய் முறுக்கிக்கொள்ளும்.
முதல் நிறுத்தம் டிரான்ஸ்ஃபார்மர்.
இரண்டாவது வளையல் கடை.
கண்ணாடிக்குள் எதையோ தேடுவதுபோல் நிற்பாராம்.
"கால் வலின்னு நின்னா பாவம்பான்.
வளையல் பாத்தா என்ன சொல்றானோ சொல்லிட்டுப் போறான்."
மூன்றாம் வாரம் கடைக்கார ஷரீஃப்
ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை வெளியே எடுத்துப் போட்டார்,
யாரும் எதுவும் கேட்காமல்.
நான் நாலு முறை மனு எழுதியும்
எங்கள் வராந்தாவுக்கு வராத ஸ்டூல்.

பதினேழாவது வரிசையில் பிரமிளா இருந்தாள்.
ஜனவரியில் கூப்பிட்டேன், "செனாகிதீனி" என்றாள்.
ஏப்ரலில் அவள் மகன் எடுத்தான்:
வேறு ஆஸ்பத்திரி, முழங்காலுக்கு மேல்.
அதற்குப் பிறகு "நல்லா இருக்கேன்" என்றால்
சாக்ஸைக் கழற்றச் சொல்கிறேன்,
எந்த விரல் என்ன நிறம் என்று
ஒவ்வொன்றாய்ச் சொல்லவைக்கிறேன்.
சிலருக்குக் கோபம் வருகிறது. வரட்டும்.

ஜூன் மாதம் சுற்றறிக்கை வந்தது:
தொண்ணூறு நாளுக்கு மேல் அழைக்க நிதி இல்லை.
ரத்தக்குழாய்க்கு யார் போய்ச் சொல்வது?
இப்போது தொண்ணூற்றொன்றாம் நாள்காரர்களை
என் போனிலிருந்து கூப்பிடுகிறேன்,
ஹெப்பாள் பஸ்ஸுக்காக நிற்கும் நேரத்தில்,
ஹாரன் சத்தத்துக்கு மேலே கத்தி.
பக்கத்தில் நிற்கும் பெண்கள்
யாருடைய கட்டைவிரலைப் பற்றி
இவள் இவ்வளவு கவலைப்படுகிறாள் என்று பார்க்கிறார்கள்.

நேற்று மழை. பஸ் வரவில்லை.
முனிரத்தினம் அவராகவே கூப்பிட்டார்.
நூற்று நாற்பதாவது நாள்.
"இன்னிக்கும் வளையல் கடையில நின்னேம்மா."
எவ்வளவு வலி, பத்துக்கு எத்தனை என்றேன்.
"வலிக்கல. ஷரீஃப் டீ சொல்லியிருந்தாரு."
வலியில்லாமல் நின்றதை எழுத
என் தாளில் கட்டம் இல்லை.
ஓரத்தில் கிறுக்கினேன், மழை கொஞ்சம் அழித்தது.

"ஊதுவத்தி?" என்றேன்.

சற்று யோசித்து,
"ரெண்டு" என்றார்.