கிழக்குப் பார்த்தது

முதல் மாதம் ரப்பர் உரம்,
அண்ணன் தோட்டத்துச் சாக்கின் அடியில் மிஞ்சியது.
அளந்தா போடுவார்கள், கை நிறைய அள்ளினேன்.
இலை முறம் முறமாய் விரிந்தது,
தண்டு மதிலைத் தாண்டியது,
மொட்டு மட்டும் இல்லை.

"தீனி கூடிப்போச்சு. பட்டினி போடுங்க"
என்றான் கருங்கல் உரக்கடைப் பையன்.
உரம் விற்கிற வாயிலிருந்து
அப்படி ஒரு சொல் நான் கேட்டதில்லை.

பதினைந்து நாள் வெறும் தண்ணீர்.
பிறகு அடுப்புச் சாம்பல், ஒரு சிரட்டை.
பிறகு சாளைத் தலையும் குடலும்
உடைத்த கருப்பட்டியோடு வாளியில் ஊறியது.
குளச்சலிலிருந்து கிளீற்றஸ் கொண்டுவரும் மீனில்
அந்த மாதம் நாங்கள் தின்றது பாதி.

வாளி திறக்கிற நாளெல்லாம்
மதிலுக்கு அந்தப் பக்கம் றோஸ்லெட்
தெருவுக்கே கேட்கும்படி சன்னலைச் சாத்துவாள்.
பஞ்சாயத்தில் எழுதிக் கொடுப்பேன் என்றாள் ஒருநாள்.
நான் ஒரு கரண்டிக்கு ஒரு குடம் தண்ணீர் கலந்து
வேரிலிருந்து ஒரு சாண் தள்ளி
ஊற்றிக்கொண்டிருந்தேன்.

தை பிறந்து மூன்றாம் நாள் பூத்தது.
மொட்டில் வெயிலோடு திரும்பித் திரும்பிப் பார்த்தது
மலர்ந்ததும் கிழக்கே நின்றுவிட்டது.
கிழக்கே றோஸ்லெட்டின் அடுக்களை.

எனக்குக் கிடைத்தது
ஒரு பச்சைப் பிடரி,
சுணை குத்தும் முதுகு.

இன்று காலை சன்னல் திறந்திருந்தது.
"என்ன வளம் போட்டிய?"

சொல்லவில்லை.
வாளியின் மூடியைத் திறந்தேன்.
முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்,
சன்னலைச் சாத்தவில்லை.