பெண்ணையாற்றுப் பாலம், பகல் ஒன்றரை

சரியாக அந்த இடம்தான்.
ஆல்பேட்டை செக்போஸ்ட் தாண்டி
பாலத்தின் நாலாவது விளக்குக் கம்பம்.
முள் விழும். ஸ்டியரிங் கல்லாகும்.
இடது கை தானாகப் போய்
அபாய விளக்கை அமுக்கும்.
பின்னால் பாண்டிச்சேரி பஸ் கத்தும்.
இருபது நிமிடம் ஆறப் போட்டால்
ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகும்.

இரண்டாயிரத்து மூன்றாம் வருடத்து இகான்.
செய்த கம்பெனியே கடையைக் கட்டிக்கொண்டு போய்விட்டது.
வித்துடுங்க மேடம் என்கிறார்கள்.
வாங்குகிற ஆளையும் நீங்களே கூட்டி வாங்க என்கிறேன்.

ஸ்கேனரைச் சொருகினால்
ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு பெயர்.
கிராங்க் சென்சார் என்றது, மாற்றினோம்.
தண்ணீரின் சூடு பார்க்கிற சென்சார், மாற்றினோம்.
காயில், த்ராட்டில், பெட்ரோல் பம்ப்,
செம்மண்டலத்தில் இரண்டு மெக்கானிக்,
பதினேழாயிரத்துச் சொச்சம்.
கம்பம் மட்டும் மாறவில்லை.

எனக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை.
ஒருநாள் காலை
வந்தவர்களுக்கெல்லாம் பொட்டாசியம் ஏழு.
ஏழு என்றால் ஐசியூ.
இவர்களோ பைக்கை நிறுத்திவிட்டு
நடந்து வந்தவர்கள்,
பில்லில் பத்து ரூபாய்க்குச் சண்டை போட்டவர்கள்.
பன்னிரண்டு பேரும் சேர்ந்து
ஒரே பொய்யைச் சொல்ல மாட்டார்கள்.
மிஷினை நிறுத்தினேன்.

அதைத்தான் இருதயநாதனிடம் சொன்னேன்.
ஓ.டி. துறைமுகத்தில்
படகுகளின் ஜிபிஎஸ், வயர்லெஸ் பார்க்கிறவர்.
காரைத் தொட்டதே இல்லை என்றார்.
சொன்னவர்களையெல்லாம் மாற்றிவிட்டோம், தம்பி,
கேட்டுக்கொண்டிருப்பவரை
ஒருத்தரும் பார்க்கவில்லை என்றேன்.
கொஞ்ச நேரம் யோசித்தார்.
"வீட்டுல ஹேர் டிரையர் இருக்கா?"

இடப்பக்கக் காலடியில்
கம்பளத்தைக் கிழித்தெடுத்தால் அந்தப் பெட்டி,
டிபன் பாக்ஸ் பருமன்.
இன்ஜின் ஓட ஓட
அதன் முகத்தில் சூட்டுக்காற்று காட்டினார்.
ஒரு நிமிடம். ஒன்றே முக்கால்.
அணைந்தது.
வண்டி நின்றுபோனதற்கு
நான் கைதட்டியது அன்றைக்குத்தான்.

மூடிக்குள்ளே மயில்துத்த நிறத்தில் பூத்திருந்தது.
வெள்ளத்தில் இரண்டு நாள்
கதவு முட்ட நின்ற வண்டி.
அன்று குடித்ததை இத்தனை வருடம்
வாய் திறக்காமல் வைத்திருந்திருக்கிறது.

மாற்றுப் பெட்டி உக்கடத்திலிருந்து
பஸ் பார்சலில் வந்தது,
செருப்பு டப்பாவில், வைக்கோல் வைத்து.
எந்த ஊர் வண்டியின் தலையோ.
சொருகியதும் ஸ்கேனர் அதன் பழைய கதையைப் படித்தது:
இன்ஜின் மிதமிஞ்சிய சூடு, முப்பத்தொரு தடவை.
யாரோ முப்பத்தொரு தடவை
சிவப்பு விளக்கைப் பார்த்தும் நிறுத்தாமல் போயிருக்கிறார்கள்.
எங்கே அவ்வளவு அவசரம்?
"அழிச்சிடவா மேடம்?"
இருங்க, என்று
இன்னொரு முறை படித்தேன்.

சாவியைத் திருப்பினால் பிடிக்கவில்லை.
திருடனுக்குச் சிமிட்டுவது போல
டாஷ்போர்டில் ஒரு விளக்கு.
சாவி நம்முடையது, பெட்டி வேறு வீட்டுடையது.
ஃபேனை அணைக்கச் சொன்னார்.
பழைய பெட்டியிலிருந்து மிளகளவு சில்லு,
எட்டுக் கால்,
இடுக்கியில் எடுத்துப் புதியதில் வைத்துப் பற்றவைத்தார்.
அவர் மூக்கு நுனியில் ஒரு சொட்டு
விழாமல் தொங்கிக்கொண்டே இருந்தது.

பிடித்தது.
"நூறு கிலோமீட்டர் ஓட்டுங்க.
உங்க காலை அது கத்துக்கணும்."
நாலாயிரத்து இருநூறு. பில் இல்லை.
செத்ததை கேரிபேக்கில் போட்டுக் கொடுத்தார்,
ஏன் வாங்கிக்கொண்டேன் தெரியவில்லை.

மறுநாள் ஒன்றரை மணி.
செக்போஸ்ட். பாலம்.
ஒன்று, இரண்டு, மூன்று கம்பம்.
ஏசி குளிர்ந்துகொண்டிருக்கிறது,
முள் நிற்கிறது,
என் இடது கை
அபாய விளக்கை அமுக்கிவிட்டது.
பின்னால் வந்த பஸ் ஒதுங்கி முந்துகையில்
படியில் தொங்கிய கண்டக்டர்
கையாலேயே கேட்டார், என்னாச்சு?
போங்க போங்க என்று ஆட்டினேன்.
ஐந்தாவது கம்பம் வரைக்கும்
விளக்கு மின்னிக்கொண்டுதான் இருந்தது.