எழுத்துக்கு இருபது ரூபாய்

தகரப் பலகையை நாற்காலியில் சாய்த்துவைத்து
உடையணன் கேட்டான்:
பேர் போட்டாச்சு, படிப்பு போட்டாச்சு,
கீழ என்ன எழுத?
எழுத்துக்கு இருபது. புள்ளிக்குக் காசில்லை.

ந. ராவியத்து, பி.ஏ., பி.எல்.
அதற்குப் பிறகு ஆறு வருடம்
ராமநாதபுரத்தில் சீனியரின் கட்டுகளைச் சுமந்ததும்
வாய்தா கேட்க மட்டும் வாய் திறந்ததும்
தொண்டிப் பலகையில் வராது.

சிவில் என்று எழுது.
சிவில் என்றால், அண்ணன் தம்பி மூவர் பங்கு கேட்கும்
ஏழரை சென்ட். பத்திரத்தில் நான்குமால்:
பனைவிடலிக்கு வடக்கு, பள்ளிவாசல் புஞ்சைக்குத் தெற்கு,
கருவேலங்காட்டுக்குக் கிழக்கு,
கடலுக்கு மேற்கு.
மேற்கு எங்கே தொடங்குகிறது என்பதுதான் வழக்கு.
கமிஷனர் அளந்த அன்று
சங்கிலியின் ஒரு முனை அலைக்குள் கிடந்தது.
கடலை எதிர்வாதியாகச் சேர்க்க விதியில்லை,
தேடிப் பார்த்துவிட்டேன்.

கிரிமினல் என்று எழுது.
கடல் அட்டை மூன்று வாளி.
'அட்டை யாருதுன்னு தெரியாதுங்க,
வாளிதான் என்னுது' என்ற இரண்டாம் எதிரி.
ஜாமீன் கிடைத்தது. வாளி இன்னும் கோர்ட்டில்.

அப்புறம் ஒன்று,
அதற்கு என்ன தலைப்பு என்று எனக்கே தெரியவில்லை.
காரங்காட்டு ரீத்தம்மாள் தாவா.
செங்கோல் கடலுக்குப் போய்
ஏழு வருடமாகத் தகவல் இல்லை என்பதை
நான் நிரூபிக்க வேண்டும்.
இல்லாததற்குச் சாட்சி மூன்று பேர்.
கூண்டில் நின்றவளைக் கேட்டேன்:
கடிதம்? இல்லை.
போன்? இல்லை.
பார்த்ததாக யாராவது?
சற்று நின்று, நீதிபதியைப் பார்த்து,
'கனவுல வந்தாலும் சொல்லணுமாய்யா?'

தட்டச்சு நின்று, பிறகு ஓடியது.
வாக்குமூலத்தில் அந்த வரி இல்லை.

இறந்ததாகக் கருதலாம் என்று தீர்ப்பாயிற்று.
திருவாடானை வராந்தாவில்
நகலை நாலாய் மடித்தபடி கேட்டாள்:
'வந்துட்டா அப்பீல் உண்டாம்மா?'
பன்னிரண்டு வருட அனுபவத்தில்
நான் பதில் சொல்லாத கேள்வி.
டீ வாங்கிக் கொடுத்தேன்.
அவள் ஆறவிட்டாள்.

உடையணன் தூரிகையை மண்ணெண்ணெயில் ஆட்டினான்.
அப்ப சிவில், கிரிமினல். எட்டெழுத்து. நூத்தறுபது.
உப்புக் காத்துக்கு ரெண்டு வருசம் தாங்கும்,
மொதல்ல சுழிதான் உதிரும்.

போகாமல் நின்றான்.
பிறகு குரலைத் தணித்து:
எனக்கும் எங்க அண்ணனுக்கும் நடுவுல
ஒரு சுவரு கெடக்கு வக்கீலம்மா.
பீஸை எழுத்துல கழிச்சுக்கலாமா?

முன்பக்கம் காயட்டும் என்றேன்.
பலகையின் முதுகில்
நான்குமாலை வரையச் சொன்னேன்.
சுவரைத்தான் முதலில் போட்டான்,
கோணலாக.