கோட்டு அறையிலிருந்து ஹைடன்

இடைவேளையில் ஒருவர் வந்து கேட்டார்,
விண்டர்தூர் பஸ் கம்பனி டையோடு,
யாரோ கொடுத்த இலவசச் சீட்டோடு.
பெயர் ரெட்டோ.
"இவருடையதில் எதை முதலில் கேட்கலாம்?"

என்னிடமா?
பதினொரு வருஷமாய் நான் கேட்டதெல்லாம்
கதவுக்கு இந்தப் பக்கத்து ஹைடன்.
ஈரக் கம்பளி மணக்கும் ஹைடன்.

தொண்ணூற்றுநாலாம் சிம்பொனியில் தொடங்குங்கள், என்றேன்.
பூனை நடையில் ஒரு மெட்டு வரும். நம்பாதீர்கள்.
அது போடும் ஒரே அடியில்
இங்கே வெற்று ஹேங்கர்கள் கிலுங்கும்.

டிரம்பெட்டுக்கு எழுதியதை
அலாரத்துக்கு முன்பே விழிப்பு வரும் நாளில்.

நால்வர் வாசிப்பது ஒன்று,
முப்பத்துமூன்றாம் தொகுப்பில் இரண்டாவது:
முடிந்ததுபோல் இருக்கும், முடியாது.
டோக்கனோடு ஓடிவந்த அவசரக்காரர் இருவர்
அசடு வழியத் திரும்பிப் போனதை
இந்த மேசை கண்டிருக்கிறது.

"இன்றைக்கு?"
மணி அடித்தது. நான் சொல்லவில்லை.

இன்றைக்கு நாற்பத்தைந்து.
வாசிப்பவர்கள் ஒவ்வொருவராய் விளக்கணைத்து
எழுந்து போய்விடுவார்கள்.
கடைசியில் இரண்டே வயலின்.

பிறகு என் முறை.
சாம்பல் நிற ஓவர்கோட், முயல்தோல் காலர்,
குழந்தையின் மஞ்சள் மழையங்கி,
ஒவ்வொன்றாய்ப் பனிக்குள் போயின.
கம்பியில் மிஞ்சியவை இரண்டு:
என்னுடையது,
பொத்தான் அறுந்த பஸ்காரர் ஜாக்கெட்.

கதவை விரலளவு திறந்து பார்த்தேன்.
இருண்ட மேடைக்கு முன்னால்
யாரோ இன்னும் வாசிப்பதுபோல்
ரெட்டோ உட்கார்ந்திருந்தார்.

கூப்பிடவில்லை.
கடைசி பஸ் பதினொன்று பத்துக்கு.
இழுப்பறையில் ஊசி கிடந்தது.