ஆறு மணி நேரம்

காலாமாவில் மழை பெய்த நாட்களை
ஒரு கை விரல்களுக்குள் எண்ணிவிடுவேன்.
அந்த ஊர் மருந்துக்கடையில்
கண்ணுக்கு எந்தத் தண்ணீர் என்று தெரியாமல்
ஹெல்மெட்டை இடுக்கிக்கொண்டு நிற்கிறேன்.

உப்புநீர் பாட்டில்தான் மலிவு.
"அது அலசும். அதோட சரி.
கிருமி பாட்டுக்கு உக்காந்திருக்கும்" என்கிறாள்
கல்லாவுக்குப் பின்னால் நொயெமி ஆயவிரே,
தலை நிமிராமல், யாருக்கோ மாத்திரை எண்ணியபடி.

அடுத்தது, எல்லா வேலைக்கும் ஒரே பாட்டில்.
கழுவும், கொல்லும், ஊறவைக்கும்,
கூடவே ஒரு டப்பா இலவசம்.
இரண்டு வருடமாய் அதைத்தான் ஊற்றினேன்.
உள்ளங்கைக் குழியில் லென்ஸை வைத்து
ரேகையெல்லாம் செம்புத்தூள் போன பிறகே
ஆள்காட்டி விரலால் தேய்த்தேன்;
பழைய நீரின் மேல் புதிய நீர் ஊற்றியதில்லை;
குழாய்த் தண்ணீர் பக்கமே போனதில்லை.
கண்ணும் கருத்துமாய் என்பார்களே, அப்படி.

இருந்தும், விடிகாலை மூன்று மணிக்கு,
முன்னூறு டன் பாறையோடு சரிவில் ஏறும்போது
கண்ணிரண்டும் மிளகாய்ப் பழம்.
சுலேத்தா லாரியை நிறுத்தினார்.
"ஊது, யாஸ்னா."
ஊதினேன். பூஜ்யம்.
"இன்னொரு தரம்."
இன்னொரு பூஜ்யம்.
அவர் கருவியைத்தான் சந்தேகப்பட்டார், கொஞ்ச நேரம்.
பிறகு மறுபடி என்னை.

"மருந்து கெட்டுப்போகாம இருக்க
ஒண்ணு கலக்குறாங்க இல்ல,
சில கண்ணுக்கு அது ஆகாது" என்கிறாள் நொயெமி.
அவள் கை மூன்றாவது பாட்டிலுக்குப் போகிறது.
சிவப்பு மூடி.

அதை எனக்குத் தெரியும்.
முகாமில், மின்சாரம் போன குளியலறையில்
மிர்த்தாவின் பாட்டிலை என்னுடையது என்று எடுத்து
ஊறிய லென்ஸை அதிலேயே அலசிப்
போட்டுக்கொண்டேன்.
கண்ணுக்குள் தீக்குச்சி கிழித்ததுபோல்.
அன்று நான் சொன்ன கெட்ட வார்த்தைகளை
மிர்த்தா இன்னும் தவணை முறையில் ஞாபகப்படுத்துகிறாள்.

"பெராக்சைடு. நேரா கண்ணுல படக்கூடாது.
இதோட டப்பா இருக்கே, அதுலதான் ஊறணும்.
அடியில வட்டமா ஒரு வில்லை. பாருங்க.
அது தொட்டதும் நுரைக்கும்.
ஆறு மணி நேரம் நுரைச்சு நுரைச்சு
வெறும் உப்புத்தண்ணி ஆயிடும்."
கண்ணீர் மாதிரி என்று நான் நினைத்தேன்.
அவள் அப்படியெல்லாம் சொல்லவில்லை. விலையைச் சொன்னாள்.

பிறகு கேட்டாள்:
"நீங்க எத்தனை மணி நேரம் தூங்குவீங்க?"

டாக்டர் கேட்டதில்லை. யூனியன் கேட்டதில்லை.
அம்மா போனில் சாப்பாட்டைத்தான் கேட்பாள்.
விரல் விட்டுப் பார்த்தேன்.
பேருந்து இறக்கிவிட எட்டேகால்.
தான்கோவின் காலணியைத் தேடி அவனைப் பள்ளியில் விட ஒன்பது.
கறுப்புத் திரைக்கு மேலே ஒரு கோடு வெயில்
பத்து மணிவரை நெற்றியில்.
இரண்டரைக்கு அவன் வந்துவிடுவான்.
"நாலரை" என்றேன்,
ஏதோ திருட்டை ஒப்புக்கொள்வதுபோல்.

இருமல் மருந்துக்கு நின்றவர் பின்னால் செருமினார்.
நொயெமி அவரைப் பார்க்கவில்லை.
"அப்போ ரெண்டு ஜோடி வச்சுக்குங்க.
ஒண்ணு வேலைக்கு வரட்டும்.
ஒண்ணு தூங்கட்டும்."

கம்பெனிக்கு இது தோன்றியதில்லை.
மாற்று டிரைவர் இந்த மாதமும் வரவில்லை.

இப்போது ஜன்னலோரம் இரண்டு டப்பாக்கள்.
ஒன்றில் மார்க்கரால் எழுதியிருக்கிறேன்: ஷிப்ட்.
மற்றதில்: விடுமுறை.
பக்கத்து வீட்டில் வெல்டிங் தொடங்கிவிட்டது.
நான் பழைய கண்ணாடியை மாட்டிக்கொண்டு
ஒரு காலணியைக் கண்டுபிடித்துவிட்டேன்.
மற்றது கட்டிலுக்கு அடியிலும் இல்லை.

டப்பாவுக்குள் நுரை ஏறுகிறது.
இன்னும் ஐந்தே முக்கால் மணி நேரம்.
யாரும் அதை எழுப்ப வேண்டாம்.