உள்வரி

செவ்வாய்க்கிழமை மாலை ஆறரை.
வினிபெக்கில் வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
நூலகத்தின் பின்னறையில்
ஒன்பது பேர், ஒரு கெட்டில்,
யாருக்கும் பிடிக்காத இஞ்சி பிஸ்கட்.

பகலெல்லாம் வரி அலுவலகத்தில்
பிறர் வரி பார்ப்பவள் நான்.
மாலையில் வரி வரியாய்ப் பின்னுகிறேன்.
இரண்டிலும் தப்பு வந்தால்
பிரித்துத்தான் ஆகவேண்டும்.

இந்த ஊசிகளுக்குக் காது இல்லை.
அதனால் பிழைத்தோம்.
மேரிவிக்கின் இரவு ஷிப்ட் புலம்பல்,
கூரை வேய்ந்தே தேய்ந்த ஓஸ்தாப்பின் முழங்கால்,
இர்ம்கார்டின் மருமகன் மாட்டிய அலமாரி
மூன்றாம் முறையும் விழுந்த கதை,
எதுவும் இங்கிருந்து வெளியே போகாது.

என் முதல் கையுறையில்
கட்டைவிரலுக்கு இடம் வைக்க மறந்துபோனேன்.
கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தார்கள்.
"மீனுக்கா?" என்று கேட்டார் ஓஸ்தாப்.
சூடான கெட்டிலைத் தூக்க
இன்றைக்கும் அதுதான் துணி.

எங்களுக்கு நிறம் என்றால் ஆசை.
ஆறு மாதம் வெள்ளைத்தாளாய்க் கிடக்கிற ஊரில்
வேறென்ன செய்வது?
எலுமிச்சை மஞ்சளில் தொப்பி,
கிளிப்பச்சையில் கழுத்துத்துண்டு,
தேர்ச்சீலை மாதிரி என்னுடைய ஒன்று.
பெட்டி பெட்டியாய்ப் போயின
மெயின் தெருக் காப்பகத்துக்கு.
அங்கே படுக்கை தீர்ந்த பிறகு வருபவர்கள்
ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டு
இரவுக்குள் நடந்துவிடுவார்கள்.

ஜனவரியில் ஒருநாள்
காப்பகத்திலிருந்து டாரில் வந்தார்.
பூட்ஸின் பனியைத் தட்டினார்,
தேநீர் வேண்டாம் என்றார்.
சொல்ல வந்ததைச் சொல்வதற்குள்
அந்த பிஸ்கட்டில் நாலு தின்றுவிட்டார்.

"கோபித்துக்கொள்ளாதீர்கள்.
கறுப்பு, சாம்பல், கருநீலம்,
அவ்வளவுதான் போகிறது.
மஞ்சளெல்லாம் பெட்டியிலேயே இருக்கிறது.
வெளியில் தூங்குகிறவருக்குக்
கண்ணில் படாமலிருப்பதுதான்
கதவு, தாழ்ப்பாள் எல்லாம்."

ஊசிகள் நின்றன.
"இருபத்தாறு தொப்பி," என்றார் இர்ம்கார்ட்,
மேசையைப் பார்த்து.

அப்போதுதான் நான் கணக்குப் பார்த்தேன்.
வரவெல்லாம் எங்கள் பேரில் இருந்தது:
சிரிப்பு, தேநீர், நல்லவர்கள் என்ற நினைப்பு.
குளிர்
வேறொருவர் தலையில்.

மஞ்சள் தொப்பிகள்
தொடக்கப் பள்ளிக்கு மாறின.
சாலை கடக்கிற பிள்ளைகள்
கண்ணில் படத்தான் வேண்டும்.
நாங்கள் கறுப்புக்கு மாறினோம்,
முணுமுணுத்துக்கொண்டே.
கறுப்பு நூலில் கண்ணி தவறினால்
கடவுளுக்கும் தெரியாது.
அடுத்த வாரம் ஓஸ்தாப்
நெற்றியில் விளக்குக் கட்டி வந்தார்,
சுரங்கத்தில் இறங்குபவர்போல.
அவர் நிமிர்ந்து பேசும்போதெல்லாம்
நாங்கள் கண்ணை மூடிக்கொண்டோம்.

மேரிவிக் மட்டும் பேசாமல்
ஓரம் உள்ளே மடிகிற இடத்தில்
ஒரே ஒரு வரி
சிவப்பு ஓட்டியிருந்தாள்.
"மிச்ச நூல்," என்றாள் கேட்டதற்கு.
இர்ம்கார்டுக்குச் சந்தேகம்.
சொன்னது கறுப்பு, கறுப்பென்றால் கறுப்பு.
டாரிலிடமே கொடுத்தோம்.
திருப்பினார், மடித்தார்,
விளக்கை அணைக்கச் சொன்னார்.
இருட்டில் கொஞ்ச நேரம் நின்றோம் எல்லோரும்.
"தெரியவில்லை," என்றது அவர் குரல்,
பிறகு பெட்டி மூடும் சத்தம்.

இப்போது எல்லாத் தொப்பியிலும் உண்டு அது.
மேரிவிக் சிவப்பு, ஓஸ்தாப் ஆரஞ்சு,
இர்ம்கார்ட் யோசித்து யோசித்து
ஒரு மங்கலான ஊதா.
நான் அந்தத் தேர்ச்சீலையைப் பிரித்துவிட்டேன்,
முப்பது வரிக்காவது வரும்.

நேற்று பேருந்து நிறுத்தத்தில்
கண்ணாடித் தடுப்புக்குள் ஒருவர்,
கறுப்புத் தொப்பி, காது மூடி.
இந்த ஊரில் கறுப்புத் தொப்பி ஆயிரம்.
மடிப்பைத் திருப்பிக் காட்டுங்கள் என்று கேட்க
எந்தச் சட்டத்திலும் எனக்கு இடமில்லை.
குளிருக்குத் தலையசைத்தேன், அவரும் அசைத்தார்.
பதினெட்டாம் எண் வந்தது.
நான் ஏறினேன்.
அவர் பேருந்துக்காக நிற்கவில்லை.