ஒரு விகுதியை விசாரித்தோம்

பதினோரு முறை கேட்டோம் அந்த ஒலிப்பதிவை.
புகோவ்னா நகராட்சி, இரண்டாம் மாடி,
குளிர்காலத்தில் திறக்கவே முடியாத சன்னல்.
பேச்சொழுங்குக் குழுவில் நாங்கள் மூவர்:
தபால் நிலையத்து இரேனியுஷ்,
வடிவியல் ஆசிரியை பெலாஜியா,
மாட்டுக்கும் நாய்க்கும் வைத்தியம் பார்க்கும் நான்.

துணை மேயர் கோவோட்கோ பேசுகிறார்,
சர்க்கரை ஆலைக் கொட்டகையில் தங்கியிருக்கும்
நேபாளத்து, ஜார்ஜியத்து ஆட்களைப் பற்றி.
"ராத்திரியில வந்துதுகள். பஸ் நிறுத்தத்துல நின்னுதுகள்.
நம்ம வரிப்பணத்துக் குழாயில தண்ணி பிடிச்சுதுகள்."

ஒரு இருமல். நாற்காலி இழுபடும் சத்தம்.
யாரோ சிரிக்கிறார்கள்.
மறுபடி போடு என்கிறாள் பெலாஜியா.

கெட்ட வார்த்தை ஒன்றுமில்லை.
பொய்யும் இல்லை. வந்தார்கள், நின்றார்கள்,
தாகம் எடுத்திருக்கும்.
எங்கள் போலிஷ் மொழியில்
ஆண்கள் கூடி வந்தால் வினைக்கு ஒரு முடிவு.
பெண்கள், கன்றுகள், நாற்காலிகள் எல்லாவற்றுக்கும் இன்னொன்று.
(அது தனி வழக்கு. முப்பது வருடமாகப்
பெலாஜியா நடத்தி வருகிறாள்.)
வினைச்சொல்லின் வால்நுனியைப் பிடித்து
முப்பத்தெட்டு ஆண்களை
நாற்காலிப் பக்கம் நகர்த்திவிட்டார், அவ்வளவுதான்.

"என் பிள்ளைகளையும் அப்படித்தான் சொல்வேன்"
என்று விளக்கம் அனுப்பியிருந்தார்.
சொல்வார்தான். நானும் சொல்வேன்:
பள்ளி விட்டு வந்துதுகள், தின்னுதுகள், தூங்கிடுச்சுகள்.
அந்தச் சொல்லுக்குப் பின்னால்
ஒரு கிண்ணம் சூப் இருக்கும்.
இதற்குப் பின்னால் இருந்தது பூட்டு.
மறுவாரமே குழாயில் தொங்கியது.

இரண்டாவது புகார் உறுப்பினர் லிவியா மீது.
நான் வாக்களித்த லிவியா.
துணை மேயரின் ஆட்களை மேடையேறிக்
குடற்புழுக்கள் என்றவள்.
மருந்து கொடுத்தால் வெளியே வந்துவிடும் என்றாள்.
கூட்டத்தில் நானும் இருந்தேன்.
கைதட்டினேன்,
என் தொழிலைத் தொட்ட பகடி என்பதால்
பக்கத்தில் இருந்தவரைவிடக் கொஞ்சம் பலமாக.

"இதையும் போடட்டுமா?" என்றார் இரேனியுஷ்,
என் முகத்தைப் பார்க்காமல்.

இரண்டும் ஒன்றல்ல என்று வாதாடினேன்.
அவர் கீழே மிதிக்கிறார், இவள் மேலே எறிகிறாள்.
பெலாஜியா மறுக்கவில்லை.
"கோணம் வேறுதான்" என்றாள்.
"பாகைமானி உன்னிடம் எத்தனை இருக்கிறது?"

அன்று மாலை முள்வேலியில் கிழிந்து வந்தது ஒரு வேட்டைநாய்.
ஏழு தையல். ஐந்தாவதில் என் கட்டைவிரலைக் கடித்தாள்.
பதிவேட்டில் எழுதினேன்:
பெயர் ஷிஷ்கா. பயந்திருந்தாள். கடித்தாள்.
எழுதிய பிறகுதான் கவனித்தேன்.

தீர்ப்பு நான்கு வரி. எங்கள் அதிகாரமும் அவ்வளவுதான்:
சொன்னதை அதே சபையில் திருத்திச் சொல்ல வேண்டும்,
இருவரும்.
லிவியா வேகமாகச் சொல்லி முடித்தாள்.
இப்போது தன் பூனையைப்
பக்கத்து ஊர் வைத்தியரிடம் கொண்டுபோகிறாள்.
கோவோட்கோ தாளைப் பிடித்து வாசித்தார்:
வந்தார்கள். நின்றார்கள். தண்ணீர் பிடித்தார்கள்.
மூன்றாவதில் கொஞ்சம் திக்கினார்.

மனதாரச் சொன்னாரா என்று
படிக்கட்டில் ஒருவர் என்னை மறித்துக் கேட்டார்.
கம்பளிக் குல்லா, ஆலையின் அடையாள அட்டை,
கையில் ஐந்து லிட்டர் காலிக் கேன்.
மனதை அளப்பது எங்கள் விதிகளில் இல்லை என்றேன்.
சரி, பூட்டு?

அது வேறு துறை என்று சொல்ல வாயெடுத்தேன்.